வீட்டில் எத்தனை பேர்

பிப்ரவரி 3

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே மூவரும் சுகம். உன் காதைத் தவிர மற்ற பாகங்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று நம்புகிறேன். உன் தங்கை எதிரில் உட்கார்ந்துகொண்டு, "முதல்ல நல்ல சேதிய எழுதுங்க, அப்புறம் கிண்டல் பண்ணிக்கலாம்" என்கிறாள். ஆகவே சேதி. நம் வக்கீலுக்கு உன் ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது!

பேச்சு வந்த நாளிலிருந்து எல்லோரோடும் வாதாடுகிறாளே என்று நீ வைத்த பெயர் அது. ஆனால் அவள் படிக்கப்போவது சட்டம் இல்லை, நிலவியல். நாலு வருடம் கல்லையும் மண்ணையும் படிப்பாளாம். "அதுக்கு எதுக்குடி காலேஜு, வீட்டுக்குப் பின்னாடியே கொட்டிக் கெடக்கே" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கல்லூரியிலிருந்து ஒரு தடித்த புத்தகம் வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவைப் போட்டிருக்கிறார்கள். யாருடைய போன் நம்பரோ என்று நினைத்துவிட்டேன். அதற்குக் கீழேயே, எல்லோரும் இவ்வளவையும் கட்ட வேண்டியதில்லை, குடும்ப நிலைமையைப் பார்த்து உதவித்தொகை தருவோம், விண்ணப்பம் போடுங்கள் என்று ஆறுதலும் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பூர்த்தி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். தபாலில் போட்டால் எந்த மேஜையில் படுத்துத் தூங்குமோ தெரியாது. நீ நேரில் போய்க் கொடுத்துவிடு. கொடுக்கும் முன் ஒரு தடவை படித்துப் பார். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அவள் தங்குவதற்கு உன் வீடு இருக்கும்போது விடுதி எதற்கு என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஒரு ஓட்டல் நாற்காலிகளுக்கெல்லாம் குஷன் மாற்றித் தர வேண்டும். மெஷின்கள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. திறப்பு நாளன்று நீ உன் கையால் எழுதி மாட்டிய பெயர்ப்பலகை இன்னும் கொஞ்சமும் மங்கவில்லை. இந்தத் தாளின் தலையில் அதே எழுத்தைத்தான் அச்சடித்திருக்கிறோம், பார்த்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாப்பிள்ளை


பிப்ரவரி 16

மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுவது.

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். காதை ஐஸ் தொழிற்சாலையின் கம்ப்ரஸர் சாப்பிட்டுவிட்டது, பற்களில் பாதி தாமாகவே விலகிக்கொண்டன, மீதி எல்லாம் என் வசம்தான். போனில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்த்தானே நீங்கள் எனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தீர்கள். அந்த வகையில் கம்ப்ரஸருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

வக்கீலின் சேதியைப் படித்ததும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுநாளே கல்லூரிக்குப் போனேன். உதவித்தொகைப் பிரிவு ஒரு நீளமான கூடத்தின் கடைசியில் இருக்கிறது. அங்கே உள்ள அம்மாள் பேசியது எனக்குக் கேட்கவில்லை என்றதும், முகம் சுளிக்காமல் கொண்டையிலிருந்து ஒரு பென்சிலை உருவினார். சொல்ல வேண்டியதையெல்லாம் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். பேசுகிற மாதிரியே எழுதுகிறார், தங்கமான மனுஷி. நான் பென்சிலம்மா என்று பெயர் வைத்துவிட்டேன்.

விஷயம் ஒரு கழித்தல் கணக்குதான் மாப்பிள்ளை. "மேல இருக்குறது ஒரு வருஷச் செலவு. பாடக் கட்டணம் மட்டும் இல்ல, தங்குறது, சாப்பாடு, புத்தகம், ஊருக்குப் போய் வர்றது எல்லாம் சேத்து. கீழ இருக்குறது உங்க குடும்பத்தால போட முடியும்னு நாங்க நினைக்கிறது. மேலேருந்து கீழ கழிச்சா என்ன வருதோ, அதுதான் உங்களுக்கு வேண்டிய உதவி" என்று எழுதினார். முடியும் முடியாது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வருமானம், சொத்து, வீட்டில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் படிக்கிறார்கள், இவ்வளவும் பார்ப்பார்களாம். வீடு என்றால் ஒரே கூரை, ஒரே அடுப்பு. வந்து போகிறவன் கணக்கில் சேர மாட்டான். "அப்ப படிக்க வெளியூர் வந்துட்ட பொண்ணு?" என்றேன். "அவ எங்க இருந்தாலும் உங்க வீட்டு ஆளுதான் ஐயா."

பிறகு, எங்கே தங்கப்போகிறாள் என்று கேட்டார். "தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, என்கூடத்தான்!" என்றேன். செவிடன் மெதுவாகப் பேசுவானா? கூடத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பென்சிலம்மா தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் அடித்துவிட்டார். மேலே இருந்த எண் சடக்கென்று இளைத்துவிட்டது. நமக்கு லாபம்தானே.

உன் வருமானத்தைப் படித்தேன். சபாஷ். இன்னொரு தங்கை இருந்திருந்தால் அவளையும் உனக்கே கொடுத்திருப்பேன். அன்றைக்கு அப்பாவிடம் நான் சொன்ன வார்த்தை வீண் போகவில்லை.

என் தங்கையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

மச்சான்


மார்ச் 9

அன்பு மாமாவுக்கு,

வக்கீலின் வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருந்து தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறீர்களா?

இரண்டு விஷயங்களில் உங்களை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அப்பா விண்ணப்பத்தை என்னிடம் காட்டவே இல்லை. தாளை மடித்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் நீட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறார் மாமா? எண்ணை நீங்கள் சொல்ல வேண்டாம். சரியாக எழுதியிருக்கிறாரா என்று மட்டும் சொன்னால் போதும். அப்பாவிடம் கேட்டால் பாட்டுப் பாட ஆரம்பித்துவிடுகிறார். அவர் எப்படிப் பாடுவார் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது என் அறை. ஜன்னல் எந்தப் பக்கம்? அலமாரி பலமானதா? நான் துணியைவிடக் கல்தான் அதிகம் கொண்டுவருவேன்.

உதவித்தொகை கிடைக்காவிட்டால் நான் வரப்போவதில்லை. அடுத்த தெரு மருந்துக் கடையில் ஆள் கேட்கிறார்கள், பேசி வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எனக்கு வர வேண்டும் என்றுதான் இருக்கிறது மாமா. ரொம்ப ஆசையாக இருக்கிறது. அதனால்தான் இப்போதே இன்னொன்றையும் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு,
வக்கீல்


மார்ச் 20

என் அருமை வக்கீலுக்கு,

முழங்கால் மழை வருவதை எனக்கு முன்கூட்டியே சொல்கிறது, அதை எதற்குக் குணப்படுத்த வேண்டும்? மற்றபடி சுகம்.

உன் அப்பா ஒரு பைசாகூடக் குறைத்து எழுதவில்லை. நான் என் கண்ணால் படித்தேன். வருமானத்தைக் குறைத்துக் காட்டி உதவி வாங்குகிற ஆட்கள் உண்டு, அந்தக் கூட்டத்தில் அவன் சேர மாட்டான். நீ நிம்மதியாக இரு.

என் வீட்டைப் பற்றிக் கேட்டாய். எட்டாவது மாடி. காற்று பிய்த்துக்கொண்டு போகும். மேல்தளம் முழுவதும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. நீ மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தாலும் வைக்க இடம் உண்டு. அலமாரியை நீ வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

மருந்துக் கடைக்காரரிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்.

மாமா


ஏப்ரல் 22

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் முழங்காலை உன் தங்கை தினமும் விசாரிக்கிறாள், என்னவோ அது என் மடியில் இருப்பது போல.

கல்லூரியிலிருந்து பதில் வந்துவிட்டது. குடும்பத்தின் வருமானத்தையும், மாணவி உறவினர் வீட்டில் தங்குவதையும் கருத்தில் கொண்டு பார்த்ததில், முழுச் செலவையும் நாங்களே ஏற்கும் வசதி இருப்பதாகத் தெரிகிறதாம். உதவித்தொகை இல்லை. கீழே 'வாழ்த்துகள்' என்று போட்டிருக்கிறார்கள். வாழ்த்தை வாங்கிக்கொண்டு இப்படி வேர்த்து நின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீ கவலைப்படாதே, கட்டிவிடலாம். ஓட்டல்காரர் பாக்கி தர வேண்டும், வேறு சில வழிகளும் இருக்கின்றன. முதல் தவணைக்குக் கடைசி நாள் எது, கொஞ்சம் தள்ளிக் கட்டினால் ஒப்புக்கொள்வார்களா என்று மட்டும் உன் பென்சிலம்மாவிடம் கேட்டுச் சொல்.

வக்கீல் ஒரு வார்த்தை வாதாடவில்லை. சேர்த்து வைத்த கல்லையெல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. நேற்று

சங்கு ஊதிவிட்டார்கள். மீதியை வீட்டுக்குப் போய் எழுதுகிறேன்.

என்ன எழுத வந்தேன் என்பது மறந்துவிட்டது. இப்படியே அனுப்புகிறேன், பொறுத்துக்கொள்.

உன் மாப்பிள்ளை


ஏப்ரல் 30

மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைப் படித்தபின் அவ்வளவாக இல்லை.

ஒரு சந்தேகம். உன் சொந்தக் கடையில் எதற்கு ஐயா சங்கு? மூன்று பேர் வேலை செய்யும் குஷன் கடையில் டீ குடிக்கப் போவதற்கும் சங்கு ஊதும் அளவுக்கு நீ பெரிய முதலாளி ஆகிவிட்டாயா? எனக்குக் காது கேட்காது, உனக்குக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்கிறது போல.

விளையாட்டுக்குக் கேட்டேன். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பென்சிலம்மாவைப் பார்த்தேன். முதல் தவணையைத் தள்ள முடியாதாம். ஆனால் வேறொரு வழி இருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதியதற்கும் இப்போதுள்ள நிலைமைக்கும் வித்தியாசம் இருந்தால், திருத்திக் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். "வேலை போச்சு, யாபாரம் படுத்துச்சு, வீட்டுல யாருக்காவது முடியல, இப்படி எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க. சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்?" என்று எழுதினார். மே மாதக் கடைசிக்குள் வர வேண்டும். குடும்பத் தலைவர்தான் எழுதிக் கையெழுத்திட வேண்டும், மாமன் மச்சான் போட்டால் செல்லாது.

உடனே பதில் போடு.

மச்சான்


மே 17

அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன் கடிதம் வந்து இத்தனை நாளாகியும் அவர் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். துவைக்கும்போது நான் எடுத்து வைத்தால் மறுபடி பையில் போட்டுக்கொள்கிறார்.

கடை இப்போது இல்லை அண்ணா. மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. கட்டடக்காரர் வாடகையை ஏற்றினார், எதிரிலேயே ரெடிமேடு சோபா விற்கும் பெரிய கடை வந்தது. மெஷின்களில் ஒன்றுதான் மிச்சம், அதைக் கூடத்தில் போட்டிருக்கிறோம். இவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் தைக்கப் போகிறார். அங்கேதான் சங்கு ஊதுகிறார்கள். கௌரவமான வேலைதான், சம்பளம் தவறாமல் வருகிறது. ஆனால் விண்ணப்பத்தில் இவர் எழுதிய வருமானத்தில் பாதிகூட இல்லை. நீ எழுதிய பெயர்ப்பலகை கட்டிலுக்கு அடியில், துணி சுற்றி இருக்கிறது. அப்புறம் எப்படி மங்கும்?

ஊருக்கெல்லாம் தெரியும். உன்னிடம் மட்டும்தான் மறைத்தார். விண்ணப்பம் உன் கை வழியாகப் போகிறது என்றதும், உனக்குத் தெரிந்த கதையையே அதிலும் எழுதிவிட்டார். எனக்கே பதில் வந்த அன்றுதான் தெரிந்தது. என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். "உங்களுக்குப் பெருமைதான் பெருசா, பொண்ணு படிப்பு பெருசு இல்லையா?" என்று கேட்டேன்.

"பெருமை எனக்கு எதுக்குடி? உங்கப்பா வேணாம்னப்ப உங்கண்ணன் ஒத்தை ஆளா நின்னான். 'சொந்தக் கடை வச்சிருக்கான், எவன்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டான், நான் பொறுப்பு'ன்னு வாக்குக் குடுத்தான். அவன் சொன்னது பொய்யாப் போச்சுன்னு அவன்கிட்டயே எப்படிச் சொல்றது?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து உன்னுடைய அந்த ஒரு பேச்சைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் அண்ணா. அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை.

வக்கீல் மருந்துக் கடைக்குப் போய் வேலை கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். சிரித்த முகத்தோடுதான் போகிறாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் ஒடிந்துபோவார். ஆனால் மாதக் கடைசிக்குள் அவர் கையால் எழுதித் தந்தாக வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் ஏதாவது செய்ய வேண்டும்.

உன் தங்கை


மே 20

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். நான் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். சங்குக் கதையை விடு, அதைவிடப் பெரிய விஷயம்.

எனக்கு வீடு கிடையாது மாப்பிள்ளை.

நான் இருந்த பழைய வீட்டை மூன்று வருடத்துக்கு முன்பே இடித்துவிட்டார்கள். இப்போது ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் காவல் வேலை, லிப்ட்டையும் பார்த்துக்கொள்கிறேன். மொட்டைமாடியில் லிப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். அந்த இரைச்சலில் வேறு எவனாலும் கண்ணை மூட முடியாது, அதனால் எனக்கு வாடகை இல்லை. கட்டிலை விரித்தால் கதவு சாத்தாது, கதவைச் சாத்தினால் கட்டிலை மடிக்க வேண்டும். மேல்தளம் முழுக்க என் பொறுப்பு என்று வக்கீலுக்கு எழுதினேன், அது பொய் இல்லை. தண்ணீர்த் தொட்டியும் என் பொறுப்புதான். ஆனால் ஒரு பெண்பிள்ளையை அங்கே எப்படித் தங்க வைப்பது? அவள் வருவதற்குள் எங்காவது வீடு பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என் சம்பளத்துக்கு எதுவும் வாய்க்கவில்லை.

தங்கச்சிக்குத் தெரிந்தால் அழுவாள் என்றுதான் சொல்லவில்லை.

நான் 'என்கூடத்தான்' என்று கத்தியதால் விடுதிச் செலவை அடித்துவிட்டார்கள். அதுவும் சேர்ந்துதான் உதவி கிடைக்காமல் போனது. லாபம் என்று நினைத்தேன், மடையன். இப்போது போய், ஐயோ அம்மா, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நிற்க வேண்டும். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது. ஒரே ஒரு தப்போடு போனால் பொய் சொன்னவன் மாதிரி இருக்கும். இரண்டு மூன்று திருத்தங்களோடு போனால், குடும்பமே கொஞ்சம் கவனம் இல்லாதது என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார். உன் பக்கத்திலும் எதையாவது மாற்றி எழுதிக் கொடேன். எதுவாக இருந்தாலும் சரி. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

மாதக் கடைசிக்குள் வந்துவிட வேண்டும். என்னைக் காப்பாற்று மாப்பிள்ளை.

மச்சான்


மே 25

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் சுகம். உன்னைச் சுகமா என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. மோட்டாருக்குப் பக்கத்திலா படுத்திருக்கிறாய்? மூன்று வருடமாகவா? 'காற்று பிய்த்துக்கொண்டு போகும்' என்று வக்கீலுக்கு எழுதும்போது உனக்குக் கூசவில்லையா?

திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. இது வெறும் தாள், தலையில் எதுவும் அச்சடிக்கவில்லை. பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும்.

கடையை மூடிவிட்டேன் மச்சான். பஸ் பட்டறையில் சீட் தைக்கிறேன். மேஸ்திரி என்னைவிட வயதில் சின்னவன், "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறான். ரெக்ஸினை இழுத்துப் பிடித்து மூலை மடிப்பதில் அங்கே என்னை அடிக்க ஆளில்லை. ஜன்னலோரத்து சீட்டுகளுக்கு மட்டும் தையலை நெருக்கமாகப் போடுவேன். எல்லோரும் முதலில் அங்கேதானே உட்காருவார்கள்.

உன்னிடம் மறைத்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு நாள் நெஞ்சில் கல்லை வைத்திருந்தேன், வக்கீலின் சாக்கில்கூட அவ்வளவு பெரிய கல் இல்லை. இதை எழுதியபோது அழுதேன். இப்போது லேசாக இருக்கிறது.

உன்னைக் காப்பாற்ற வேண்டுமே என்ற சாக்கில் புது விண்ணப்பம் எழுதிவிட்டேன். பட்டறையின் சம்பளச் சான்று, கடையை ஒப்படைத்த காகிதம், எல்லாம் உள்ளே இருக்கின்றன. கவரை ஒட்டவில்லை. படித்துவிட்டுக் கொடு.

உன் அறையைப் பற்றி உன் தங்கையிடம் நான் சொல்லவில்லை. நீயே எழுது. தைரியம் இருந்தால்.

உன் மாப்பிள்ளை


ஜூன் 16

என் மாப்பிள்ளைக்கு,

சுகம், சுகம், இன்றைக்கு ரொம்பச் சுகம். வக்கீலைப் பெட்டி கட்டச் சொல்!

பென்சிலம்மா இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் என்னைப் பார்த்தார். "வருமானத்தைக் கொறைச்சு எழுதுறவங்களப் பிடிக்கத்தான் ஐயா எங்களுக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க. கூட்டி எழுதுற ஆள இப்பதான் மொதல்ல பாக்குறேன். இவரு பொண்ணுக்கு உதவி கேக்குறாரா, மாப்பிள்ளை பாக்குறாரா?" என்று எழுதினார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜன்னலில் ஒருவர் எழுந்தே விட்டார்.

இன்று முடிவு வந்தது. விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் செலவில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். மொத்தத்தில் பெரும்பகுதியைக் கல்லூரியே தந்துவிடுகிறது, அதைத் திருப்பித் தர வேண்டாம். இன்னொரு பங்குக்கு வக்கீல் வாரத்தில் சில மணி நேரம் கல்லூரியின் கல் காட்சிக்கூடத்தில் வேலை செய்ய வேண்டும். கல்லுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை! அவளுக்கு அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். கொஞ்சம் கடன் உண்டு, படித்து முடித்தபின் அவள் அடைக்க வேண்டும். மிச்சம் உன் பட்டறைச் சம்பளத்துக்குள் அடங்கும். இந்தத் தடவை 'வாழ்த்துகள்' என்று போடவில்லை, அதுவே எனக்குத் திருப்தி.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். 'வீட்டில் எத்தனை பேர்' என்ற இடத்தில் நாலு என்று எழுதியிருந்தாய். நீங்கள் இருப்பது மூன்று பேர். பென்சிலம்மாவிடம் சொல்லி அடித்துத் திருத்திவிட்டேன். மச்சான் மேல் பாசம் இருக்க வேண்டியதுதான், அதற்காக அரசாங்கக் காகிதம் மாதிரி ஒன்றில் எழுதுவார்களா? ஒரே கூரை, ஒரே அடுப்பு என்று சொன்னேனே.

இன்னொன்று. அன்றைக்கு அப்பாவிடம் நான் பொறுப்பு ஏற்றது உனக்காகத்தான், உன் கடைக்காக இல்லை. கடை என்றால்தான் அப்பாவுக்குப் புரியும் என்று கடையைச் சொன்னேன். என் வார்த்தை ஒன்றும் பொய்யாகவில்லை மாப்பிள்ளை. என் தங்கை நன்றாகத்தானே இருக்கிறாள்.

மச்சான்


ஜனவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

உன் தங்கையும் நானும் சுகம். உன் சுகத்தைப் பற்றி உன்னிடம் கேட்டுப் பயனில்லை என்பதால் வேறு இடத்தில் கேட்டுக்கொண்டேன். வக்கீல் எழுதிய கடிதத்திலிருந்து சில வரிகளை அப்படியே தருகிறேன்.

'ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்கப் போனேன். கட்டடத்துக்குப் புது லிப்ட் போடுகிறார்கள். அது சத்தமே போடாதாம். சத்தம் இல்லாததால் மாமாவின் அறைக்கு இனி வாடகை வருமாம், அடுத்த மாத நடுவில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். காவலுக்கும் வேறு ஆள் போடுகிறார்களாம். "ஒங்கப்பாகிட்ட சொல்லிடாத, சத்தியம் பண்ணு" என்றார். நான் பண்ணவில்லை. நம் வீட்டில் ஆளாளுக்கு மறைத்து நான் மருந்துக் கடை வரைக்கும் போனது போதாதா என்று கேட்டேன். மாமா காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். எழுதிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.'

உதவித்தொகைக்கு வருடா வருடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமாம், குடும்ப நிலைமையை மறுபடி பார்ப்பார்களாம். இந்த வருடத்து விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வருமானம் சரியாக எழுதியிருக்கிறேன், நீ தைரியமாகப் படிக்கலாம். 'வீட்டில் எத்தனை பேர்' என்ற இடத்தில் நாலு என்று எழுதியிருக்கிறேன்.

போன தடவை நீ அடித்தது சரிதான், அப்போது அது பொய். இந்தத் தடவை அடிக்காதே. பிப்ரவரி நடுவில்தான் கொடுக்க வேண்டும், அதற்குள் அதை உண்மையாக்கிவிடலாம். கூடத்தில் மெஷினைத் தள்ளிப் போட்டுவிட்டேன், கட்டில் போட்டால் கதவும் சாத்தும். பட்டறையில் இரைச்சலுக்குப் பயப்படாத ஆள் வேண்டும் என்கிறார்கள், எனக்குத் தெரிந்து ஒருவன்தான் இருக்கிறான்.

இனிமேல் விண்ணப்பத்தில் பொய் எழுதுவதில்லை என்று உன் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்னைக் காப்பாற்று மச்சான்.

உன் மாப்பிள்ளை


பிப்ரவரி 12

மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். இந்த வாரக் கடைசியில் நேரிலேயே பார்த்துக்கொள். பெட்டி ஒன்று, மடிக்கிற கட்டில் ஒன்று, முழங்கால் மருந்து பாட்டில் ஒன்று, அவ்வளவுதான் என் சொத்து. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கேட்டிருக்கிறேன். தையல் நெருக்கமாக இருந்தால் யார் தைத்தது என்று கண்டுபிடித்துவிடுவேன். கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருக்கும் பலகையை வெளியே எடுத்து வை, எனக்கு அதைப் பார்க்க வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று என் தங்கையிடம் சண்டை போடாதே.

என்னை வழியனுப்ப வக்கீல் பாடத்துக்கு மட்டம் போடப்போகிறாளாம். தடுத்துப் பார்த்தேன், வாதத்தில் தோற்றுவிட்டேன்.

நேற்று விண்ணப்பத்தைக் கொடுத்தேன். எதையும் அடிக்கவில்லை. பென்சிலம்மா மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தார். பாதியில் நிறுத்தி, போன வருடத்துத் தாளை எடுத்துப் பார்த்தார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, "போன தடவ மூணு பேருன்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த நாலாவது ஆளு யாரு?" என்று எழுதிக் காட்டினார்.

"நான்தான்!" என்றேன். கூடத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் வீட்டு ஆள்